வராதவரை அவை என்ன செய்யும்?

நாடாளுமன்றக் குழு அனுப்பும் அழைப்பாணையை மதிக்காமல் இருந்துவிட்டவருக்கு எத்தனை மாதம் சிறை, எவ்வளவு அபராதம் என்று இந்தியச் சட்டப் புத்தகங்களில் தேடினால் விடை கிடைக்காது. இதற்கென நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் இல்லை. குழுவின் முன் வராதவரையும், வந்தும் உறுதிமொழி எடுக்க மறுத்தவரையும், கேட்ட கோப்பைக் கொடுக்காதவரையும் விசாரித்துத் தண்டிக்க வேண்டியது அந்த அவையேதான். அவை என்பது நடைமுறையில் அதன் பெரும்பான்மை; பெரும்பான்மை என்பது அநேகமாக எப்போதும் ஆளுங்கட்சி. அதிகார வட்டத்துக்குள் இருப்பவர்கள் சட்டமன்ற விசாரணைகளை மீறியும் வழக்கில்லாமல் தப்பிவிடுவது எப்படி என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அரசியல் சட்டத்தின் 105-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கும், 194-ஆவது பிரிவு மாநிலச் சட்டமன்றங்களுக்கும் ‘சிறப்புரிமைகள்’ எனப்படும் அதிகாரங்களை வழங்குகின்றன. அவை தன் வேலையைத் தடையின்றிச் செய்வதற்குத் தேவையான பாதுகாப்புகளும் அதிகாரங்களும் இவற்றில் அடங்கும். இந்த அதிகாரங்கள் எவையெவை என்பதை நாடாளுமன்றம் சட்டம் இயற்றி வரையறுக்கலாம் என்றும், அதுவரை பிரிட்டிஷ் காமன்ஸ் அவைக்கு இருந்த அதிகாரங்களே இங்கும் செல்லும் என்றும் 1950-இல் எழுதிவைக்கப்பட்டது. வரையறுக்கும் சட்டம் இன்றுவரை வரவில்லை. மக்களவை விதிகள் ஒரு குழுவுக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப்பெறவும் அதிகாரம் தருகின்றன. ஆனால் நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு என்று கருதினால் ஆவணத்தைத் தராமல் இருக்க அரசுக்கு அதே விதிகளில் வழியும் உண்டு. குழுவால் எவரையும் தண்டிக்க முடியாது. அவைக்கு அறிக்கை அளிக்க மட்டுமே முடியும். அவை விரும்பினால் அந்த மீறலை ‘உரிமை மீறல்’ என்றோ ‘அவை அவமதிப்பு’ என்றோ தீர்மானித்து, கண்டிக்கலாம், உறுப்பினராக இருந்தால் நீக்கலாம், சிறைக்கும் அனுப்பலாம். அந்தச் சிறைவாசமும் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படும் நாளோடு தானாக முடிந்துவிடும்.

இந்த அதிகாரம் அதன் முழு அளவில் ஒரு பெரும் அரசியல் தலைவர்மீது பயன்படுத்தப்பட்டது 1978 டிசம்பரில், டெல்லியில். அவர் இந்திரா காந்தி. நெருக்கடிநிலைக்கு முன்பு, 1975-இன் தொடக்கத்தில், சஞ்சய் காந்தியின் மாருதி நிறுவனத்தைப் பற்றி மக்களவையில் கேள்வி எழுப்பப்பட்டபோது, அதற்கு விடையளிக்கத் தகவல் திரட்டிய அரசு அதிகாரிகள் நால்வர் அச்சுறுத்தப்பட்டார்கள், அவர்கள்மீது பொய் வழக்குகள் புனையப்பட்டன என்பது குற்றச்சாட்டு. ஜனதா ஆட்சியில் இதை விசாரித்த மக்களவை உரிமைக் குழுவுக்குச் சமர் குகா தலைவர். குழு அழைத்தபோது இந்திரா காந்தி வந்தார். ஆனால் உறுதிமொழி எடுத்துச் சாட்சி சொல்ல மறுத்தார். குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு சொல்வதை அவர் முன்வைத்தார். குழு அதை ஏற்கவில்லை. அதிகாரிகளைத் தடுத்ததோடு, உறுதிமொழி எடுக்க மறுத்ததும் அவை அவமதிப்பே என்று 1978 நவம்பரில் அறிக்கை தந்தது. என்ன தண்டனை என்பதைக் குழு சொல்லவில்லை. அதை அவையின் முடிவுக்கு விட்டுவிட்டது.

டிசம்பர் 19 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் முன்மொழிந்த தீர்மானம் நிறைவேறியது. சில வாரங்களுக்கு முன்புதான் சிக்மகளூர் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குள் வந்திருந்த இந்திரா காந்தி உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய உதவியாளராக இருந்த ஆர்.கே. தவானும், மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் டி. சென்னும் அவரோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்டார்கள். கைது ஆணை வரும்வரை அவர் நாடாளுமன்றக் கட்டடத்தை விட்டு நகரவில்லை. அன்றிரவே திகார் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மறுநாள் லக்னோவிலிருந்து டெல்லிக்குப் பறந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை அவருடைய விடுதலையைக் கோரி இளைஞர்கள் இருவர் கடத்தி வாரணாசியில் இறக்கினார்கள் என்பதும், அவர்கள் பின்னர் காங்கிரஸ் சார்பில் உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆனார்கள் என்பதும் அந்த நாட்களின் அரசியல் சூட்டைக் காட்டப் போதுமானவை. டிசம்பர் 26 அன்று கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது. ஒரே வாரத்தில் சிறைக் கதவு திறந்தது. 1980-இல் அவர் பிரதமராகத் திரும்பினார். 1981 மே 7 அன்று ஏழாவது மக்களவை, ஆறாவது மக்களவையின் அந்தத் தீர்மானத்தையே ரத்துசெய்தது. சாட்சியங்களும் குழுவின் அறிக்கையும் அப்படியே இருந்தன. எண்ணிக்கை மட்டும் மாறியிருந்தது.

இதே காலத்தில் அவர் இன்னொரு விசாரணைக்கும் ஒத்துழைக்க மறுத்திருந்தார். அந்த மறுப்பு நீதிமன்றம்வரை போனதால், இரண்டு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. நெருக்கடிநிலை அத்துமீறல்களை விசாரிக்க 1977 மே மாதத்தில் அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.சி. ஷா ஆணையம் டெல்லி பட்டியாலா ஹவுஸில் அமர்ந்தது. இது நாடாளுமன்றக் குழு அன்று. 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டத்தின் கீழ் அரசு நியமித்தது. எனவே அதன் முன் உறுதிமொழி எடுக்க மறுப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 178, 179 பிரிவுகளின்படி குற்றம் என்று வழக்குத் தொடுக்க முடிந்தது. 1978 ஜனவரியில் ஆணையத்தின் முன் வந்த இந்திரா காந்தி, பதவியேற்றபோது எடுத்த ரகசியக் காப்பு உறுதிமொழியைக் காரணம் காட்டிச் சாட்சி சொல்ல மறுத்தார். ஷா, மாஜிஸ்திரேட்டிடம் புகார் அளிக்க உத்தரவிட்டார். 1979 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம், ஆணையத்தின் முன் உறுதிமொழி எடுத்துச் சாட்சி சொல்ல வேண்டிய சட்டக் கட்டாயம் அவருக்கு இல்லை என்று சொல்லி அந்த வழக்கை ரத்துசெய்தது. ஆக, நீதிமன்ற வழி ஏறக்குறைய இரண்டு ஆண்டு இழுத்து ஒன்றுமில்லாமல் முடிந்தது; அவையின் வழி ஒரே நாளில் சிறைக்கு அனுப்பி, ஒரே வாரத்தில் விடுவித்து, இரண்டரை ஆண்டுக்குள் தன்னையே அழித்துக்கொண்டது.

இந்திரா காந்தி தண்டிக்கப்பட்டது அவர் பதவியில் இல்லாதபோது. பதவியில் இருப்பவர்கள் விஷயத்தில் நிலைமை இவ்வளவு தூரம் வருவதே இல்லை, ஏனெனில் அவர்கள் அழைக்கப்படுவதே அபூர்வம். மக்களவைத் தலைவரின் நிலையான ஆணைகளில் ஒன்று, பொதுக் கணக்குக் குழு போன்ற நிதிக் குழுக்களின் முன் சாட்சி சொல்ல அமைச்சரை அழைக்கக் கூடாது என்கிறது. அமைச்சர் அவைக்கு முழுவதுமாகப் பதில் சொல்ல வேண்டியவர், ஒரு குழுவுக்குத் தனியாக அல்ல என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். கேட்பதற்கு நன்றாக இருந்தாலும், அதன் விளைவு என்னவோ துறைச் செயலாளர்கள் மேசையின் ஒரு பக்கம் அமர்ந்து அமைச்சரின் முடிவுகளுக்காகக் கேள்விகளை எதிர்கொள்வதாகவே இருக்கிறது. கூட்டுக் குழுக்கள் மக்களவைத் தலைவரின் அனுமதியோடு அமைச்சரை அழைத்தது உண்டு. 1992-இன் பங்குப் பத்திர ஊழலை விசாரித்த கூட்டுக் குழுவின் முன் அப்போதைய நிதி அமைச்சர் மன்மோகன் சிங் சாட்சி சொன்னார்.

அதே மன்மோகன் சிங் பிரதமராக இருந்தபோது வந்த 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் இந்த விதிகள் எப்படி வேலை செய்தன என்பது நிதானமாகப் பார்க்கத் தக்கது. 2010 டிசம்பரில், டெல்லி புராடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில், பொதுக் கணக்குக் குழுவின் முன் வரத் தயார் என்று அவரே அறிவித்தார். முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான அந்தக் குழுவின் முன் அவர் சாட்சி சொல்லவில்லை. 2011 ஏப்ரல் 28 அன்று ஜோஷியின் வரைவு அறிக்கை குழுவுக்கு வந்தபோது, ஜோஷி வெளியேறிய பிறகு, 21 உறுப்பினர்களில் 11 பேர் சைபுதீன் சோஸைத் தலைவர் இருக்கையில் அமர்த்தி அந்த அறிக்கையை நிராகரித்தார்கள். ஜோஷி அதை மக்களவைத் தலைவர் மீரா குமாரிடம் ஒப்படைத்தார். அவர் அதைத் திருப்பி அனுப்பினார். இதற்கு முன்பே பி.சி. சாக்கோ தலைமையில் 30 பேர் கொண்ட கூட்டுக் குழுவும் அமைந்திருந்தது. அந்தக் கூட்டுக் குழுவிடம் முன்னாள் அமைச்சர் ஆ. ராசா, தம்மைச் சாட்சியாக அழைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நூறு பக்கத்துக்கு மேற்பட்ட எழுத்துமூல விளக்கத்தை அளிக்க முடிந்ததே தவிர, குழு அவரை நேரில் அழைக்கவே இல்லை. விசாரணையை மீறுவதைவிட விசாரணைக்கு அழைக்கப்படாமல் இருப்பது எவ்வளவு பத்திரமானது என்பதற்கும், அழைப்பதா வேண்டாமா என்பது யார் கையில் இருக்கிறது என்பதற்கும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இங்கே பேச விரும்பியவரும் அழைக்கப்படவில்லை, பேச வைக்கப்பட வேண்டியவர் என்று எதிர்க்கட்சிகள் சொன்னவரும் அழைக்கப்படவில்லை.

ஆட்சி மாறியபின் முறை மாறியதாகச் சொல்ல முடியாது. 2021 ஜூலை 28 அன்று, தகவல் தொழில்நுட்பத்துக்கான நிலைக்குழு கூட வேண்டியிருந்தது. பெகாசஸ் உளவு மென்பொருள் பற்றிய செய்திகள் வெளிவந்திருந்த வாரங்கள் அவை. குடிமக்களின் தரவுப் பாதுகாப்பு பற்றிக் கேள்வி கேட்க மின்னணுவியல்–தகவல் தொழில்நுட்பம், உள்துறை, தொலைத்தொடர்பு ஆகியவற்றின் அதிகாரிகள் அழைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் வேறு வேலைகளைக் காரணம் காட்டி வரவில்லை. குழு கூடுவதற்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வந்திருக்க வேண்டும். ‘கோரம்’ என்று சொல்லப்படும் இந்தக் குறைந்தபட்ச வருகை, வருகைப் பதிவேட்டில் உள்ள கையெழுத்துகளால்தான் கணக்கிடப்படுகிறது. பாஜக உறுப்பினர்கள் அறைக்கு வந்தார்கள், ஆனால் பதிவேட்டில் கையெழுத்திடவில்லை. ஆட்கள் இருந்தும் கோரம் இல்லாமல் கூட்டம் நின்றுபோனது. குழுத் தலைவர் சசி தரூர், அதிகாரிகள் வராததைப் பற்றி மக்களவைத் தலைவர் ஓம் பிர்லாவுக்கு எழுதினார். அந்த அதிகாரிகள் எவர்மீதும் உரிமை மீறல் தண்டனை வரவில்லை. அதிகாரி தன் அமைச்சகத்தின் விருப்பத்துக்கு மாறாகத் தானாக முடிவெடுத்து வராமல் இருந்திருப்பார் என்று டெல்லியில் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால், அவரைத் தண்டிப்பது அமைச்சரைத் தண்டிப்பதாகிவிடும்; அதற்கு அவையின் பெரும்பான்மை ஒருபோதும் கைதூக்காது.

வெளியாட்கள்மீது இதே அதிகாரம் எவ்வளவு விரைவாகப் பாய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சான்று தேட வேண்டியதில்லை. சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு 1987 ஏப்ரலில், பி.எச். பாண்டியன் பேரவைத் தலைவராக இருந்தபோது, மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் உயர்நீதிமன்றம் சென்று ஆயிரம் ரூபாய் இழப்பீடு பெற்றார். 2003 நவம்பரில் ‘தி இந்து’ நாளிதழைச் சேர்ந்த ஐவருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இவர்களில் எவரும் ஒரு விசாரணையை முடக்கவில்லை, ஒரு கோப்பையும் மறைக்கவில்லை. எழுதினார்கள், கேலி செய்தார்கள், அவ்வளவுதான்.

டெல்லி சட்டமன்றத்தின் நிலை இதிலும் தனியானது. 1912-இல் கட்டப்பட்ட பழைய தலைமைச் செயலகத்தில், ஒரு காலத்தில் இந்தியா முழுமைக்குமான மத்தியச் சட்டமன்றம் கூடிய அதே மண்டபத்தில், அது இன்று கூடுகிறது. ஆனால் 239AA பிரிவின்படி காவல்துறை, பொது ஒழுங்கு, நிலம் ஆகிய மூன்றும் அதன் கையில் இல்லை. அதாவது, யாரையாவது கைதுசெய்து கொண்டுவருமாறு இந்த அவை ஆணையிட்டால், அதை நிறைவேற்ற வேண்டிய டெல்லி காவல்துறை மத்திய உள்துறை அமைச்சகத்துக்குப் பதில் சொல்கிறது. 2018-இல் தலைமைச் செயலாளர் அன்ஷு பிரகாஷுக்கும் ஆம் ஆத்மி அரசுக்கும் மோதல் முற்றியிருந்தபோது, குழுக் கூட்டத்துக்கு வரவில்லை என்று சட்டமன்றம் அவருக்கு எதிராக உரிமை மீறல் நடவடிக்கை தொடங்கியது. அவர் உயர்நீதிமன்றம் சென்றார், கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று நீதிமன்றம் சொன்னது.

இந்த அவையின் அழைப்பாணைக்கு எவ்வளவு வலு உண்டு என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனவர் அரசியல்வாதியோ அதிகாரியோ அல்லர். பேஸ்புக் இந்தியாவின் துணைத் தலைவராக இருந்த அஜித் மோகன். 2020 பிப்ரவரிக் கலவரங்களுக்குப் பிறகு டெல்லி சட்டமன்றம் அமைத்த அமைதி–நல்லிணக்கக் குழு, ராகவ் சத்தா தலைமையில், அதே ஆண்டு செப்டம்பரில் அவருக்கு இருமுறை அழைப்பு அனுப்பியது. 2021 ஜூலை 8 அன்று நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தலைமையிலான மூவர் அமர்வு அளித்த தீர்ப்பு இரு தரப்புக்கும் சிறிது தந்தது: உறுப்பினர் அல்லாதவரையும் சட்டமன்றக் குழு அழைக்கலாம், மறுத்தால் அது உரிமை மீறலாகலாம், ஆனால் குழு தன்னைக் குற்றம் சாட்டும் அமைப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது, காவல்துறை, பொது ஒழுங்கு பற்றிய கேள்விகளுக்கு விடையளிக்காமல் இருக்கச் சாட்சிக்கு உரிமை உண்டு. நீதிமன்றம் குழுக்களின் அதிகாரத்தை இவ்வாறு ஏற்றுக்கொண்டபோது, நாடாளுமன்றம் அதில் பெரும்பகுதியை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டிருந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 27 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், டெல்லியின் அன்றாட நிர்வாகத்தைப் பற்றி ஆராயவோ நிர்வாக முடிவுகளைப் பற்றி விசாரணை நடத்தவோ சட்டமன்றமும் அதன் குழுக்களும் விதி செய்துகொள்ளக் கூடாது என்றது. அழைப்பாணை அனுப்பலாம், ஆனால் அதிகாரிகளிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க முடியாது என்ற இந்த நிலையை ஏற்படுத்தியவர்கள் மிகவும் யோசித்தே செய்திருக்கிறார்கள்.

2025-இல் டெல்லியில் பெரும்பான்மை மாறியது, அழைப்பாணையின் திசையும் மாறியது. சட்டமன்ற வளாகத்தில் 2022-இல் ‘தூக்குமேடை அறை’ என்று திறந்துவைக்கப்பட்ட இடம் உண்மையில் பழைய வரைபடத்தின்படி உணவு கொண்டுசெல்லும் அறை என்று பேரவைத் தலைவர் விஜேந்தர் குப்தா அறிவிக்க, விவகாரம் உரிமைக் குழுவுக்குப் போனது. ஆம் ஆத்மியின் அரவிந்த் கெஜ்ரிவால், மணீஷ் சிசோடியா உள்ளிட்ட நால்வர் நவம்பர் 13 அன்று அழைக்கப்பட்டார்கள். அன்று அவர்கள் வரவில்லை; கெஜ்ரிவாலும் சிசோடியாவும் உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் தலைமைச் செயலாளர் போன அதே வழி. ஒரு கலவரத்தின் காரணங்களைக் கேட்க முடியாத அவைக்கு ஓர் அறையின் பழைய பெயரைக் கேட்பதில் மட்டும் தடை எதுவும் இருக்கவில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

தண்டனையை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டால் இந்தப் பாரபட்சம் தீருமா என்றால், அமெரிக்க அனுபவம் அவ்வளவு நம்பிக்கை தருவதில்லை. அங்கே 1857 முதல் நாடாளுமன்ற அவமதிப்பு ஒரு குற்றம். அவை வாக்களித்து, அரசு வழக்கறிஞருக்கு அனுப்ப வேண்டும். அந்த வழக்கறிஞரோ அதிபரின் நீதித்துறைக்குக் கீழ் வேலை செய்பவர். நாடாளுமன்றக் கட்டடத்தின்மீதான 2021 ஜனவரி 6 தாக்குதலை விசாரித்த குழுவுக்கு ஒத்துழைக்க மறுத்த நால்வரை அவை இப்படி அனுப்பியது. அப்போதைய அதிபரின் ஆலோசகர்களாக இருந்த ஸ்டீவ் பேனனும் பீட்டர் நவரோவும் தண்டிக்கப்பட்டுத் தலா நான்கு மாதம் சிறையில் இருந்தார்கள். வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரியாக இருந்த மார்க் மெடோஸ்மீதும், துணைத் தலைமை அதிகாரியாக இருந்த டான் ஸ்கவினோமீதும் வழக்கில்லை என்று 2022 ஜூன் 3 அன்று, நவரோ கைதான அதே நாளில், தெரியவந்தது. மெடோஸ் முதலில் ஆயிரக்கணக்கான குறுஞ்செய்திகளைக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் நின்றார். அதிபரின் மிக நெருங்கிய ஆலோசகர்களை அவை கட்டாயப்படுத்த முடியாது என்ற நீதித்துறையின் பழைய கருத்தும் அவருக்குத் துணையாக இருந்தது. பேனனோ சம்பவம் நடந்தபோது அரசுப் பணியிலேயே இல்லை. அதிபருக்கு எவ்வளவு அருகில் இருந்தாரோ அவ்வளவு பாதுகாப்பு என்பதே அங்குள்ள கணக்கு, நவரோ அதற்குச் சிறு விதிவிலக்கு. இரு கட்சிகளும் இதில் ஒன்றே: 2024-இல் ஜனநாயகக் கட்சி அரசின் தலைமை வழக்கறிஞர் மெரிக் கார்லண்டை அவமதிப்புக் குற்றவாளி என்று அவை தீர்மானித்தபோது, அவருடைய சொந்தத் துறையே அவர்மீது வழக்குத் தொடுக்க மறுத்துவிட்டது.

இந்தியா அதிகாரத்தைக் கடன்வாங்கிய பிரிட்டனில் கதை இன்னும் சுருக்கம். பொய்ச் செய்திகளை விசாரித்த காமன்ஸ் குழுவின் முன் வர மறுத்த டொமினிக் கம்மிங்ஸை 2019 ஏப்ரலில் அவை கண்டித்தது. ஜூலையில் அவர் பிரதமர் போரிஸ் ஜான்சனின் தலைமை ஆலோசகராகப் பதவியேற்றார்.

இந்தியாவில் சிறப்புரிமைகளை வரையறுத்துச் சட்டம் இயற்ற வேண்டும் என்ற கோரிக்கை பத்திரிகைகளிடமிருந்தும் சட்ட அறிஞர்களிடமிருந்தும் பல காலமாக வருகிறது. மக்களவை உரிமைக் குழு 2008-இல் வி. கிஷோர் சந்திர தேவ் தலைமையில் இதை ஆராய்ந்து, தேவையில்லை என்றது. சட்டமாக எழுதினால் அது அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டு நீதிமன்றத்தின் ஆய்வுக்கு வரும். எழுதாமல் விட்டால் அவையின் கையிலேயே இருக்கும். எழுதப்பட்ட சட்டத்தில், வராத அமைச்சகச் செயலாளருக்கும் வராத எதிர்க்கட்சித் தலைவருக்கும் ஒரே தண்டனையை எழுத வேண்டியிருக்கும். 1978-இல் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்திய கட்சிகளும் 1981-இல் அதைத் துடைத்த கட்சியும், பிறகு ஆட்சிக்கு வந்த ஒவ்வொரு கூட்டணியும், அந்த வரியை எழுதுவதில் மட்டும் அவசரம் காட்டியதில்லை.